மெதுவான கணினியின் வேகத்தில்

எட்டுப் பேர் சேர்ந்து ஆடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆட்டத்தில், எட்டுக் கணினிகளில் எது மிக மெதுவானதோ அதன் வேகத்தில்தான் மற்ற ஏழும் ஓடும். புது பென்டியம் 4 வைத்திருப்பவனின் குதிரைப்படையும், அண்ணன் ஆபீசில் கழித்துக்கட்டிய செலிரானில் உட்கார்ந்திருப்பவனின் விறகுவெட்டியும் ஒரே நடைதான் நடப்பார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் அந்த ஆட்டத்தை ஆடிய காலத்தில் இதை ஒரு குறையாகத்தான் எல்லோரும் பேசினோம். "யார்ரா இழுக்கிறது?" என்று யாராவது கத்துவான். கத்தினாலும் வேறு வழி கிடையாது. எல்லோரும் காத்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பு எப்படி ஏற்பட்டது என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. ஆட்டத்தின் பிணைய நிரலை எழுதிய பால் பெட்னரும் மார்க் டெரானோவும் 2001இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1997இல் வந்த முதல் ஆட்டத்துக்கு அவர்கள் வைத்துக்கொண்ட அளவு இது: 16 எம்பி நினைவகமுள்ள ஒரு பென்டியம் 90 கணினி, 28.8 மோடம். அவ்வளவு ஒடுங்கிய கம்பி வழியாக 1500 வில்லாளிகள் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று நொடிக்கு நொடி அனுப்ப முடியாது. அதனால் கட்டளைகளை மட்டும் அனுப்பினார்கள். இந்தப் பத்துப் பேர் அந்த மரத்தை வெட்டட்டும் என்கிற ஒரு வரி போகும், அவ்வளவுதான். மிச்சத்தை எட்டுக் கணினிகளும் தனித்தனியாக, ஆனால் இம்மி பிசகாமல் ஒரே மாதிரி கணக்கிட்டு நடத்தும். கட்டளை கொடுத்த கணமே எதுவும் நடக்காது. 200 மில்லி நொடி அளவுள்ள சுற்றுகளாக நேரம் வெட்டப்பட்டிருக்கும். இரண்டு சுற்று தள்ளித்தான் அந்தக் கட்டளை எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக நிறைவேறும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒவ்வொரு கணினியும் தன்னால் எவ்வளவு வேகம் முடியும் என்று சொல்லும். ஆட்டத்தை நடத்தும் ஹோஸ்ட் கணினி அதைக் கேட்டுக்கொண்டு, முடியாதவனுக்கு ஏற்றபடி எல்லோருக்கும் பொது வேகத்தை வைக்கும்.

அந்தக் கட்டுரையில் ஒரு மானின் கதை வரும். வரைபடம் உருவாகும்போது ஒரு கணினியில் மட்டும் ஒரு மான் மயிரிழை திரும்பி நின்றுவிட்டால், அது மேய்கிற பாதை மாறும். சில நிமிடம் கழித்து ஒரு வேடனின் ஈட்டி அங்கே மட்டும் குறி தவறும். அவன் இறைச்சியில்லாமல் வீடு திரும்புவான். அதன் பிறகு எட்டு உலகங்களும் ஒன்றல்ல, ஆட்டம் நின்றுவிடும். எட்டுப் பேரும் ஒரே உலகத்தில் இருக்க வேண்டுமென்றால் ஒரு மான்கூட யாருக்கும் வேறாக நிற்கக் கூடாது.

நம் ஊர்ப் பந்தியில், கடைசி ஆள் மோர் சாதத்தை முடிக்கும்வரை முதலில் சாப்பிட்டவன் இலையை மடித்துவிட்டு எழுந்துபோக மாட்டான். பக்கத்தில் இருப்பவன் கை காய்ந்துபோக உட்கார்ந்திருப்பான். டெக்ஸாஸில் உட்கார்ந்து நிரல் எழுதிய அந்த இரண்டு பேரும் பந்தியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் எழுதிவைத்தது இந்த மரியாதையைத்தான் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் நண்பர்களைக் கூட்டிவைத்து, கணினிகளைக் கேபிளால் பிணைத்து ஆடிய ‘லான் பார்ட்டி’ என்கிற வழக்கத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

சிந்தாதிரிப்பேட்டைக்கு அது இயல்பாக வந்து சேர்ந்த வழக்கம். அய்யா முதலித் தெருப் பக்கமிருந்து ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விடலாம். ஒரு காலத்தில் ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பெயர்போன ரிச்சி தெருவும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும் தொண்ணூறுகளின் முடிவில் அசெம்பிள் செய்த கணினிகளின் கிடங்காகிவிட்டன. மதர்போர்டு ஒரு கடை, ராம் ஒரு கடை, கேபினெட் மூன்றாவது கடை என்று வாங்கிப் பூட்டிக்கொடுப்பார்கள். மதுரையிலிருந்தும் வேலூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து வாங்கிப்போனார்கள். பேட்டைப் பையன்களுக்கோ அது பள்ளிக்கூடம் விட்டுச் சுற்றிவரும் இடம். என் நண்பர்களில் இரண்டு பேர் விடுமுறையில் அங்கே கடைகளில் வேலைக்கு நின்றவர்கள். பத்தாம் வகுப்பு முடிக்குமுன்பே ஆர்ஜே 45 முனையில் எட்டுக் கம்பிகளை நிறம் பார்த்து வரிசை வைக்க அவர்களுக்குத் தெரியும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. நகத்தால் ஒவ்வொரு கம்பியையும் நேராக நீவி, நுனியை ஒரே அளவில் வெட்டி, முனைக்குள் தள்ளி, கிரிம்பிங் டூலை ஒரு அழுத்து. அந்த டூல் கடையிலிருந்து சனிக்கிழமை இரவுக்கு இரவலாக வரும். திங்கள் காலை கடை திறப்பதற்குள் திரும்பிப் போய்விடும்.

இந்தப் பேட்டையே தொழில் தெரிந்தவர்களை அழைத்துவந்து குடியேற்றியதால் உண்டானது. 1734இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்து ஓடுகிற இந்தத் திருப்பத்தில், சுங்குராமச் செட்டியின் தோட்டமாக இருந்த நிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி, நெசவாளர்களுக்கு மனை கொடுத்துக் குடியமர்த்தியது. ஆதியப்ப நாராயணச் செட்டி முன்னின்று நடத்தியதாக வரலாற்றில் வருகிறது. ஆதிகேசவப் பெருமாளுக்கும் ஆதிபுரீசுவரருக்கும் அருகருகே கோயில் எழுந்ததும் அந்த வரலாற்றின் பகுதிதான். வீடுகள் அன்று முதல் ஒட்டி ஒட்டியே இருக்கின்றன. ஒரு வீட்டில் தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். இராத்திரி இரண்டு மணிக்கு ஆறேழு பையன்கள் ஒரே அறையில் போர் நடத்தினால் அது தெருவின் விஷயமாகிவிடும்.

2002, 2003 வாக்கில் ஒரு வீட்டில் லான் போடுவது என்றால் என்ன என்பதை, கைபேசியில் விரல் வைத்தவுடன் ஆட்டம் தொடங்கிவிடும் இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. 15 அங்குல சிஆர்டி மானிட்டர் 12 கிலோவுக்குக் குறையாது. அதை பெட்ஷீட்டில் சுற்றி, இரு சக்கர வண்டியின் பின்னால் உட்கார்ந்தவன் மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வருவான். சிபியு இன்னொரு வண்டியில், கால்களுக்கு நடுவே. ஒருவன் திருவல்லிக்கேணியிலிருந்து பறக்கும் ரயிலில் சிபியுவை மட்டும் கொண்டுவந்து சிந்தாதிரிப்பேட்டை நிலையத்தின் அத்தனை படிகளையும் இறங்குவான். மானிட்டர் இங்கே யாரிடமாவது கடன். எல்லாம் வந்து சேர்ந்து, மேசை போதாமல் தையல் மெஷின் பலகையிலும் கேரம்போர்டைக் கவிழ்த்துப் போட்ட ஸ்டூலிலும் ஏற்றி முடிக்க இருட்டிவிடும்.

அடுத்தது கரண்ட். பழைய வீடு, 5 ஆம்பியர் வயரிங், பீங்கான் ஃப்யூஸ் கேரியர். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் 1150 வாட். ஒரு கணினியும் அதன் மானிட்டரும் சேர்ந்து 200, 250 வாட் இழுக்கும். ஐந்தாவது கணினியைப் போடும்போதே ஃப்யூஸ் கம்பி சிவந்து அறுந்துவிடும். வீட்டில் 15 ஆம்பியர் பிளக் இருந்தது ஒரே இடத்தில், சமையலறையில், கிரைண்டருக்கு. அங்கேயிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து முன்னறைக்குக் கொண்டுவந்தால்தான் ஆட்டம் நடக்கும். ஆனால் சனிக்கிழமை இரவுதான் அம்மா ஞாயிற்றுக்கிழமைக்கு மாவு அரைப்பாள்.

"அரிசி ஓடிட்டிருக்கு. அரைச்சு வழிச்சிட்டுத் தரேன், அதுவரைக்கும் கேபிள் எல்லாம் போட்டு வைங்கடா" என்பாள். சேனைத் தலைவர்கள் அத்தனை பேரும் சமையலறை வாசலில் உளுந்து பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஹோஸ்ட் கணினி மெதுவானவனுக்காகக் காத்திருந்தது என்று முன்னே சொன்னேன். அந்தக் கணினிக்குக் கரண்ட் வந்த பிளக்கில் முதல் பாத்தியதை கிரைண்டருக்கு இருந்தது. வீடு தன் வேலையை நிறுத்தவில்லை. தன் வேலைக்கு நடுவே எங்களுக்கு இடம் விட்டது. வீட்டில் ஆடுவதற்கும் வாடகை இடத்தில் ஆடுவதற்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வாடகை இடங்களும் அப்போது இருந்தன. சென்னையில் தெருவுக்குத் தெரு ப்ரவுசிங் சென்டர். சிஃபியின் ஐவே கிளைகளும் இருந்தன. கவுண்டர் ஸ்ட்ரைக் அங்கேதான் பெரும்பாலானவர்களுக்கு அறிமுகம். 1999இல் ஹாஃப் லைஃப் ஆட்டத்தின் மேல் இரண்டு இளைஞர்கள் ஒட்டிச் செய்த மாற்றுவடிவமாகத் தொடங்கி, 2000இல் கடைக்கு வந்து, 2003இல் 1.6 ஆனது அந்த ஆட்டம். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. டஸ்ட் 2 வரைபடத்தின் நீளச் சந்தை இப்போது கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன். ஆனால் ப்ரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கடிகாரம் ஓடும். மவுஸ் சரியில்லாதவன் தன் அரைமணியை இழப்பான். அவனுக்காக மற்றவர்கள் நிறுத்தினால் மற்றவர்களும் இழப்பார்கள். யாரும் நிறுத்த மாட்டார்கள். அங்கே கற்றுக்கொண்டது குறிபார்ப்பது. காத்திருப்பதை வீட்டில்தான் கற்றோம்.

வீட்டில் ஆட்டம் நடத்துபவன் பெரும்பாலும் ஆடவே முடியாது. இரண்டு பேருக்கு ஒரே ஐபி எண் விழுந்து மோதும். 192.168.0 என்று தொடங்கும் எண்களை நோட்டுத் தாளில் எழுதி ஒவ்வொரு மானிட்டரின் நெற்றியிலும் ஒட்டிவைப்பேன். ஒருவனுக்கு லான் கார்டு டிரைவர் இருக்காது. இன்னொருவன் ஐபிஎக்ஸ் என்பான், மற்றவன் டிசிபி என்பான். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு பரவிய வாரம் ஒரு கணினி அந்த நோயோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. கேபிளைச் செருகிய சில நிமிடங்களில் மற்றக் கணினிகளும் வரிசையாக, 60 நொடியில் அணையப்போகிறேன் என்று எண்ண ஆரம்பித்தன. அன்று ஆட்டமே இல்லை. கேபிள்களைப் பிடுங்கிவிட்டு, ரிச்சி தெரு நண்பன் வைத்திருந்த சிடியிலிருந்து மைக்ரோசாஃப்டின் திருத்தத்தை ஒவ்வொன்றிலும் ஏற்றி முடிக்க விடியற்காலை ஆகிவிட்டது. நோயைக் கொண்டுவந்தவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவன் கணினிக்குத்தான் முதலில் ஏற்றினோம். அந்த இரவை நான் ஆடிய எந்த ஆட்டத்தையும்விட மேலாக நினைக்கிறேன்.

சாப்பாட்டுக்கு ஒரு தனி அறிவு தேவைப்பட்டது. பஜ்ஜி சாப்பிட்ட விரல் கீபோர்டில் பட்டால் பிசுக்கு ஏறும். உருண்டை வைத்த மவுஸ்களின் அடியில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பு வளையமாகப் படியும். நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டும். அம்மா இதை ஒரே இரவில் கவனித்துவிட்டாள். அடுத்த தடவை முதல் எலுமிச்சை சாதம், ஒரு கிண்ணத்தில் தயிர் சாதம், ஆளுக்கு ஒரு ஸ்பூன். தாளித்த வேர்க்கடலையை முழுதாகப் போடாமல் ஒன்றிரண்டாகப் பொடித்திருப்பாள், கீபோர்டு இடுக்கில் விழுந்து சிக்காமல் இருக்க. திரையில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் கைகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. மின்சாரத்துக்கும் கேபிளுக்கும் இணையான தொழில்நுட்பம் அந்த ஸ்பூன்.

கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு தாத்தா இருந்தார். நான்கு மணிக்கே எழுந்துவிடுபவர். ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்ஃபோன் போட்டுக்கொள்கிறோம் என்றுதான் நாங்கள் ஒப்புக்கொண்டிருந்தோம். ஆனால் காதை மூடிக்கொண்டவன் தன் குரலின் அளவை அறிய மாட்டான். "பி சைட்ல இருக்கான்டா!" என்கிற கூச்சல் கூரையைப் பிளக்கும். அதற்குப் பிறகு அம்மா முன்கூட்டியே கீழே போய், "பசங்க இன்னைக்கு ராத்திரி வராங்க, கொஞ்சம் சத்தமா இருக்கும் மாமா" என்று சொல்லிவிட்டு வருவாள். அவர் ஒருநாள் மாடியேறி வந்து, கதவருகே நின்று, கொஞ்ச நேரம் பார்த்தார். "ராத்திரி பூரா முழிச்சு ஆடறது புதுசில்லடா. ஏகாதசிக்கு நாங்க பரமபதம் ஆடுவோம், விடிய விடிய" என்றார்.

அவர் சொன்னது எனக்குள் வெகுநாள் தங்கியது. வைகுண்ட ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் கண்விழிக்கப் பரமபத அட்டையும் தாயக்கட்டையும் சோழியும் எடுத்துக்கொண்டு பத்துப் பேர் ஒரு வீட்டில் கூடுவது இந்த ஊரின் பழைய வழக்கம். யார் வீட்டில் கூடம் பெரியதோ அங்கே. பெருமாளும் சிவனும் அடுத்தடுத்து இருக்கும் பேட்டையில் வருடத்துக்கு இரண்டு இரவு நிச்சயம். பெரிய பாம்பு கடித்துக் கீழே வந்தவனுக்காக மற்றவர்கள் ஆட்டத்தை முடிக்காமல் வைத்திருப்பார்கள். விடியும்வரை ஆட்டம் வேண்டும் என்பதால் யாரும் தனியாக முந்திக்கொண்டுபோவதில் பொருளில்லை. அந்த ஆட்டத்தில் பெண்களும் இருந்தார்கள். பாட்டிகள்தான் பெரும்பாலும் நடுவர்கள்.

எங்கள் இரவுகளில் அது இல்லை. பெண் பிள்ளைகள் வரவில்லை, வரச் சொல்லி யாரும் அழைக்கவுமில்லை. அழைத்திருந்தாலும் வீட்டில் அனுப்பியிருக்க மாட்டார்கள். என் தங்கை விடியற்காலையில், நாங்கள் ஆங்காங்கே சுருண்டு தூங்கும்போது, விட்டுவைத்த ஆட்டத்தை உட்கார்ந்து முடிப்பாள். நான் மூன்று மணிநேரம் முட்டிமோதி விட்ட கோட்டையை அவள் பின்பக்கத்து ஆற்று வழியாகப் பிடித்திருப்பாள். பரமபதத்துக்குத் திறந்திருந்த கூடம் கணினிக்கு மூடியது. லான் பார்ட்டிகளைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிற எவரும் இந்தக் கணக்கைத் தள்ளிவைக்கக் கூடாது.

உலகத்தில் வேறு இடங்களிலும் இந்த வழக்கம் வீட்டளவில், பள்ளியளவில்தான் தொடங்கியது. 1993 டிசம்பர் 10 அன்று இட் சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் ஆட்டத்தை நான்கு பேர் பிணைத்து ஆடலாம். அதன் முதல் வடிவம் ஒவ்வொரு அசைவையும் பிணையத்தில் உள்ள எல்லாக் கணினிகளுக்கும் கூவி அறிவித்துக்கொண்டிருந்ததால் பல்கலைக்கழகங்களின் பிணையங்கள் திணறிப்போய் அதைத் தடைசெய்ய வேண்டி வந்தது. ஸ்வீடனில் மாலுங் என்கிற சிற்றூரில் ஒரு பள்ளியின் நிலவறையில் நண்பர்கள் சிலர் கணினிகளோடு கூடியதுதான் பின்னால் ட்ரீம்ஹாக் ஆகி, யோன்ஷோபிங் நகர அரங்கில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளை ஒரே கூரையின் கீழ் இணைத்தது. 2018 டிசம்பரில் மும்பைக்கும் வந்தது. கொரியாவில் 1997 நெருக்கடியில் வேலையிழந்தவர்கள் பலர் கணினிக் கூடங்களைத் திறந்தார்கள். மறுவருடம் வந்த ஸ்டார்கிராஃப்ட் அவற்றை நிரப்பியது. ஒரு சிடியை வாங்கினால் நண்பர்களின் கணினிகளிலும் சேர்ந்தாடும் பகுதியை ஏற்றிக்கொள்ள அந்த ஆட்டமே அனுமதித்தது. ஒருவன் வாங்கியதில் பலர் சாப்பிடலாம் என்பதை விற்பவரே ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது.

ஸ்டார்கிராஃப்டைச் செய்த அதே நிறுவனம் 2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வெளியிட்டபோது லான் வசதியை எடுத்துவிட்டது. ரசிகர்கள் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார்கள். ஒரே அறையில் முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் வெளியே ஒரு சர்வருக்குப் போய்த்தான் ஒருவரையொருவர் சந்திக்க வேண்டும். திருட்டுப் பிரதிகளைத் தடுக்க அது அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து வீட்டுக்காரன் என்கிற இடம் ஆட்டத்தில் இல்லாமல் போனது. ஹோஸ்ட் இப்போது ஒரு நிறுவனம். அது நம்மோடு யாரைச் சேர்ப்பது என்பதைத் தானே முடிவு செய்கிறது: நம் திறமைக்கு இணையான முன்பின் தெரியாதவர்களை, நம் இணைப்பு வேகத்துக்கு ஏற்றவர்களை. மெதுவானவன் தனியே இன்னொரு மெதுவானவனோடு சேர்க்கப்படுகிறான். யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே அந்த ஏற்பாட்டின் பெருமை. எனக்கு அது பெருமையாகப் படவில்லை.

2018இல் பப்ஜி கைபேசிக்கு வந்தபோது அந்த மாற்றம் முழுமையானது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு அதைத் தடைசெய்ததும், மறுவருடம் வேறு பெயரில் திரும்பி வந்ததும் தெரிந்த கதை. நூறு பேர் ஆடுகிறார்கள், ஆனால் பிள்ளை அறையில் தனியாக இருக்கிறான். கதவுக்கு வெளியே அவன் அம்மாவுக்குக் கேட்பது ஒரு பக்கத்துக் குரல் மட்டுமே. தனியறையில், நள்ளிரவில், பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் எத்தனை வீடுகளைக் குலைத்தன என்பதைத் தமிழ்நாடு பார்த்துவிட்டது. சட்டப்பேரவை 2022இல் நிறைவேற்றிய தடைச் சட்ட மசோதாவை ஆளுநர் திருப்பியனுப்ப, 2023இல் மீண்டும் நிறைவேற்ற வேண்டியிருந்தது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை கதவை மூடின. அந்த ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டங்களையே தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இவற்றை நான் வரவேற்கிறேன். ஆனால் இரவு விளையாட்டு என்றாலே ஆபத்து என்று வீடுகள் இதிலிருந்து புரிந்துகொள்ளுமானால் அது பெரிய இழப்பு. ஆபத்து இரவிலோ கணினியிலோ இல்லை. பணத்திலும், கூட யாருமில்லாமல் இருப்பதிலும் இருந்தது. தோற்றவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும்போது அவன் முகத்தைப் பார்க்க ஒருவர் இருந்தால் போதும், பல விபரீதங்கள் வாசலோடு நின்றுவிடும்.

கணினி இல்லாதவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவன் எப்போதும் இருந்தான். மீன் மார்க்கெட்டில் அவன் அப்பாவுக்கு வேலை. அவன் வெறுங்கையோடு வருவான், ஸ்டூல் போட்டு யாராவது ஒருவன் தோளுக்குப் பின்னால் உட்காருவான். முதலில் பார்வையாளன்தான். போகப் போக அவன் யார் பின்னால் உட்காருகிறானோ அவன் ஜெயிக்க ஆரம்பித்தான். தன் படையைப் பற்றிய கவலை இல்லாததால் முழு வரைபடத்தையும் அவனால் பார்க்க முடிந்தது. "வடக்கால மரம் குறையுது, பாத்துக்கோ" என்று மெல்லச் சொல்லுவான். கடைசியில் எல்லோரும் அவனைத் தங்கள் பக்கம் கேட்டார்கள். 2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது எனக்கு முதலில் அவன் ஞாபகம்தான் வந்தது. அவனுக்கு அது பத்து வருடம் தாமதம். அவனைப் போன்ற லட்சக்கணக்கான பிள்ளைகளால் தங்கள் சொந்தக் கணினியோடு ஒரு நண்பன் வீட்டுக்குப் போக முடிந்தது என்பது சின்ன விஷயமில்லை.

2022 ஏப்ரல் 28 அன்று ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆட்டத்துக்கு இந்திய அரசமரபுகள் பற்றிய விரிவாக்கம் வந்தது. அதில் திராவிடர் ஒரு தனி நாகரிகம். சுருள் பட்டாக் கத்தி வீசும் உருமி வீரர்கள், திரிசடை என்கிற பெருங்கப்பல், உருக்கு எஃகின் பெயரில் ஒரு தொழில்நுட்பம், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு ஒரு முழுத் தொடராக. வீரர்களைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறார்கள். பழைய கூட்டம் இப்போது சிங்கப்பூரிலும் டொரோண்டோவிலும் பெங்களூருவிலுமாகச் சிதறிக் கிடக்கிறது. அந்த வாரம் எல்லோரும் இணையத்தில் கூடினோம். குரல்கள் தெளிவாகக் கேட்டன, ஆட்டம் துளியும் இழுக்கவில்லை. நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவனுக்கு அங்கே காலை, ஒருவனுக்கு ஆபீஸ் மதியம். ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், என்ன சாப்பிடுகிறான் என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவுமில்லை. முன்னறையில் ஒருவன் சாப்பிடாமல் ஆடிக்கொண்டிருந்தால் அம்மா வந்து திரைக்கு முன்னால் தட்டை நீட்டிவிட்டு நகராமல் நிற்பாள்.

வீட்டில் கூடி ஆடுவது இன்று முன்னெப்போதையும்விட எளிது என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். மடிக்கணினி இரண்டு கிலோ. கிரிம்பிங் வேண்டாம், வீட்டு வைஃபை ரவுட்டரே போதும், இணையம் போனாலும் வீட்டுக்குள் பிணையம் இருக்கும். மைன்கிராஃப்டில் ஒருவர் தன் உலகத்தை வீட்டுப் பிணையத்துக்குத் திறந்துவிட்டால் மற்றவர்கள் உள்ளே வந்து சேர்ந்து கட்டலாம். 0 ஏடி என்கிற கட்டற்ற மென்பொருள் ஆட்டம் இருக்கிறது. விலையில்லை, பழைய கணினிகளில்கூட ஒருவாறு ஓடும், மௌரியர்கள் ஒரு நாகரிகமாக அதில் உண்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் வழியில் செய்யப்பட்டது அது; மெதுவானவனுக்காக எல்லோரும் காத்திருக்கிற பழக்கமும் அதில் அப்படியே தொடர்கிறது. இல்லாதது ஒன்றுதான்: கதவைத் திறந்து ‘இன்னைக்கு எங்க வீட்ல’ என்று சொல்கிற பெரியவர்கள்.

அரையாண்டு விடுமுறை வரும். பத்து நாளும் பிள்ளை திரைக்கு முன்னால்தான் இருக்கப்போகிறான், இருக்கப்போகிறாள். அவர்கள் யாரோடு ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். பெயர் சொல்லுவார்கள். அந்தப் பெயர்களில் ஐந்தாறு பேரை, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அழையுங்கள். அவர்களுடைய அம்மா அப்பாவிடம் நீங்களே போனில் பேசுங்கள். சொந்தமாகக் கணினி இல்லாத பிள்ளைக்கு உங்களுடையதைக் கொடுங்கள். கைக்கு எண்ணெய் ஒட்டாத எதையாவது சமைத்து வையுங்கள். கீழ்வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.